பெட்டியில் எழுதிய நம்பர்

ஏட்டி, தபாலில் அப்பா கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறிவிடாதே. நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். உன் கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, பத்திரிகை அச்சுக்குப் போயிருக்கிறது, சாரல் விழுந்து குற்றாலம் ரோடெல்லாம் வண்டியாகக் கிடக்கிறது. ஒன்றும் ஆகவில்லை. ஆகிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய். எனக்கும் பேச ஆரம்பித்தால் சொல்ல வந்தது மறந்து, சாப்பிட்டியா என்பதில் போய் முடிந்துவிடும். பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டடித்து, மறுபடி எழுதிப் பாஸானவன் நான். இரண்டாவது தடவை எழுதினால்தான் எனக்கு எதுவும் சரியாக வரும். இதுவும் இரண்டாவது தடவை எழுதுவதுதான். முதலில் எழுதியதை உன் அம்மா வாசித்துவிட்டுக் கிழித்துப் போட்டாள்.

விஷயம் இதுதான். போன வாரம் நீ கோயம்புத்தூரிலிருந்து போன் போட்டு, புதுப் பாட்டைக் கல்யாணத்துக்கு முன்னாடியே வெளியிட வேண்டும், எந்தக் கம்பெனி வழியாக வெளியிடுவது என்று யோசிப்பதாகச் சொன்னாய். கூடவே, "அவரு ஒரு கம்பெனியில அக்கவுண்ட் ஒண்ணு வச்சிருக்காருப்பா, அதுலயே போட்டுரலாம்னு சொல்லுதாரு, தனியா எதுக்கு இன்னொண்ணுன்னு" என்றாய். நான் உடனே, "மாப்பிள்ளை சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த நிமிடத்திலிருந்து ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டுக்கொண்டே இருக்கிறது. மறுநாள் கீழப்பாவூரில் ஒரு சடங்கு வீட்டுக்கு மைக் செட் கட்டப் போனேன். ஆம்ப்ளிஃபயரை ஆன் பண்ணாமலே "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து, "அண்ணாச்சி, கரண்டு செலவு இல்லாத செட்டோ? வாயாலயே எல்லாருக்கும் கேக்க வச்சிருவியளோ?" என்றார். சுற்றி இருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மனசு உன் பாட்டிலேயே கிடந்தது.

அந்தப் பாட்டில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நானே நினைத்துக்கொள்கிறேன். போன சாரலுக்கு நீ வந்திருந்தபோது, தண்ணீர் விழும் சத்தம் வேண்டும் என்று என்னை ஐந்தருவிக்குக் கூட்டிப் போனாய். "இதுக்கு எதுக்கு இம்புட்டு தூரம்? நம்ம வீட்டு டேங்க் நெறஞ்சு வழிஞ்சா இதே சத்தந்தான்" என்று சொன்ன மகா ரசிகன் நான். நீ என் கையில் குடையைக் கொடுத்து, மைக்குக்கு மேலே பிடிக்கச் சொன்னாய். குடைக்கு வெளியே நான் நனைந்து நின்றேன். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்த ஒருத்தர், "என்னவே, மைக்குக்குக் குடை புடிக்கீரு, ஒமக்குக் கெடையாதா?" என்று கேட்டார். "அது பாடும், நா பாட மாட்டேன்" என்றேன். அந்தப் பேச்சும் பதிவாகிவிட்டது என்று நீ என்னைத் திட்டினாய். பிறகு கோயம்புத்தூர் போய் அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே உன் குரலை வைத்து அனுப்பினாய். சாமான் குடோனில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து கேட்டேன். "பேஸ் சத்தம் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று மெசேஜ் போட்டேன். நன்றாக இருக்கிறது என்பதை எனக்குத் தெரிந்த பாஷையில் அப்படித்தான் சொல்ல வந்தது.

இந்தக் கம்பெனி விவகாரம் எனக்கு ஆரம்பத்தில் புரியவே இல்லை. பாட்டு உன்னுடையது, கேட்கிற ஆப்கள் அங்கே இருக்கின்றன, நேரே கொண்டுபோய் போட வேண்டியதுதானே என்று கேட்டேன். அப்படிப் போட முடியாது, நடுவில் ஒரு கம்பெனி இருந்து எல்லா ஆப்களுக்கும் கொண்டுசேர்க்கும் என்று சொன்னாய். "ஓ, சுரண்டை கமிஷன் கடை மாதிரி. நம்ம தக்காளிய வாங்கி அவன் கேரளாவுக்கு லாரி ஏத்துதான்" என்றேன். "கிட்டத்தட்ட அப்படித்தாம்பா" என்று சிரித்தாய். அந்தக் 'கிட்டத்தட்ட'வில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று உன் முதல் பாட்டு வந்தபோதுதான் தெரிந்தது. இலவசமாக எடுத்துக்கொள்ளும் ஒரு கம்பெனியில் போட்டாய். வருவதில் பங்கு எடுத்துக்கொள்வார்கள் என்றாய். பாட்டு வந்தது. ஆனால் உன் பெயரிலேயே வேறு ஒரு பாடகி பஞ்சாபில் இருந்திருக்கிறாள். உன் பாட்டு ஆப்பில் அவள் பாட்டெல்லாம் இருக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. தென்காசியில் நான் எல்லோருக்கும் லிங்க் அனுப்புகிறேன், திறந்தால் தலைப்பாகை கட்டிய ஆட்கள் ஆடும் பாட்டெல்லாம் வருகிறது. டீக்கடையில், "என்ன அண்ணாச்சி, மக இந்தியில எறங்கிட்டாளோ?" என்று கேட்டார்கள். நீ அந்தக் கம்பெனிக்கு மெயில் மேல் மெயில் போட்டாய். பதில் வரும், ஆனால் மனுஷன் எழுதிய பதிலாக இருக்காது. உன் பாட்டு உன் பக்கத்துக்கு வந்து சேர்வதற்குள் லிங்க் கேட்டவர்களெல்லாம் அதை மறந்துவிட்டார்கள்.

அந்தக் கம்பெனியில் நீ அக்கவுண்ட் ஆரம்பித்தது நம் வீட்டில், பொங்கலுக்கு வந்திருந்தபோது. உன் போன் கீழே விழுந்து செத்துக் கிடந்ததால் என் நம்பரைக் கொடுத்தாய். அதிலிருந்து நீ அங்கே உள்ளே நுழையும்போதெல்லாம் ஓடிபி என் போனுக்கு வரும். நீ போன் போட்டுக் கேட்பாய், நான் சொல்வேன். சுந்தரபாண்டியபுரத்தில் கோயில் ஆடிக் கொடைக்குச் செட் கட்டியிருந்தேனே, அந்தக் கூத்தை உன் அம்மா இன்னும் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சூரியகாந்தி பூத்துக் கிடக்கிறது, போட்டோ எடுக்க வந்த கூட்டம் ஒரு பக்கம், கொடைக் கூட்டம் ஒரு பக்கம். நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை நான் மைக்கில் வாசித்துக்கொண்டிருக்கும்போது உன் போன். "அப்பா, சீக்கிரம், நம்பர் சொல்லுங்க, டைம் போயிரும்" என்றாய். நானும் அவசரத்தில் ஆறு நம்பரையும் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். வாசித்த பிறகுதான் அது குழாய் ஸ்பீக்கர் வழியாக வயற்காடு முழுக்கப் போய்த் திரும்பி வருவது காதில் விழுந்தது. போனில் நீ, "அப்பா! மைக்கு! மைக்க ஆஃப் பண்ணுங்க!" என்று கத்துகிறாய், அதுவும் ஸ்பீக்கரில் கேட்கிறது. பூசாரி எழுந்து வந்து, "அண்ணாச்சி, இது யாரு குடுத்த நன்கொட? பேரே சொல்லாம நம்பரு மட்டும் சொல்லுதீய" என்றார். பின்னாலிருந்து ஒருத்தன், "ஏலே, குலுக்கல்ல மாமாவுக்குச் சீட்டு விழுந்துட்டுலே!" என்று விசிலடித்தான். இப்போதும் அந்த ஊருக்குப் போனால் என் பெயர் ஓடிபி அண்ணாச்சிதான்.

சரி, பழைய கம்பெனி வேண்டாம், புதிதாக ஒன்று பார்க்கிறாய் என்றதும், நானும் சும்மா இருக்கவில்லை. நீ சிரிக்கக் கூடாது. நீ சொன்ன கம்பெனிகளின் பக்கங்களைத் திறந்து, உதவிக்கு என்று ஓரத்தில் ஒரு கட்டம் இருக்குமே, அதில் எழுதிக் கேட்டேன். ஒன்றில், "வணக்கம் ஐயா, நலமா, என் மகள் பாடுவாள்" என்று ஆரம்பித்தேன். கீழே இருக்கும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று வந்தது. நலமா என்பதற்கு அந்த நான்கில் பதில் இல்லை. இன்னொன்றில் மறுநாள் காலையில் ஒரு பதில் வந்தது. மனுஷன் எழுதியதுதான், ஏனென்றால் அதில் ஒரு எழுத்துப்பிழை இருந்ததை உன் அம்மா கண்டுபிடித்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த இங்கிலீஷை அவளே எனக்கு வாசித்துச் சொன்னாள்: பொதுவான விவரம் எல்லாம் இதோ, ஆனால் ஒரு அக்கவுண்டைப் பற்றி எதுவானாலும் அந்த அக்கவுண்டுக்காரரோடு மட்டும்தான் பேசுவோம், அப்பா அம்மா, கணவன் மனைவி, நண்பர் யாராக இருந்தாலும் பேச மாட்டோம். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். நான் அந்த வரியை மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். எது சரியில்லை என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. பாட்டு மாப்பிள்ளை அக்கவுண்டில் இருந்தால், நாளைக்கு அது வேறு யார் பக்கத்திலாவது போய் உட்கார்ந்தால், நீ எழுதினால் அவர்கள் உன்னோடு பேச மாட்டார்கள். பாடியவள் நீயாக இருந்தாலும் அவர்களுக்கு நீ யாரோ.

செல்லையா மாமாவைப் பற்றி உனக்குத் தெரியும், கல்யாணத்துக்கு சீரியல் லைட் அவன்தான் போடுகிறான். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செட் நடத்திய கதையை முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் என் முட்டாள்தனம் தெரியும் என்றுதான். அந்தக் காலத்தில் எங்கள் இருவரில் அவன் வீட்டில்தான் போன் இருந்தது. அதனால் ஸ்பீக்கர் பெட்டி எல்லாவற்றிலும் அவன் வீட்டு நம்பரைத்தான் பெரிதாக எழுதினோம், சிவப்பில், மஞ்சள் பார்டர் போட்டு. பிறகு அவன் லைட் வேலைக்கும் போக ஆசைப்பட்டான், பிரிந்தோம். சண்டை ஒன்றும் இல்லை. பெட்டியையும் ஆம்ப்ளிஃபயரையும் என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னான். நான் பெரிய ஆதாயம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஊரில் எவன் வீட்டில் விசேஷம் வந்தாலும், போன விசேஷத்தில் பெட்டியில் பார்த்துக் குறித்துவைத்த நம்பருக்குத்தானே போன் போடுவான்? மணி செல்லையா வீட்டில் அடித்தது. அவன் யாரையும் ஏமாற்றவில்லை. போன் அடித்தது, எடுத்தான், அவ்வளவுதான். வாடகைக்கு ஒரு செட் வாங்கிப் போய்க் கட்டிவிட்டு வந்து, என்னிடமே சொல்வான்: "ஏலே, செங்கோட்டைக்காரர் ஒருத்தர் ஒன்னயத் தேடித்தான் போன் பண்ணுனாரு. நீ வேலையா இருப்பேன்னு நெனச்சி நானே போயிட்டு வந்தேன்." நான் வேலையில்லாமல் அங்கனயே டீக்கடையில்தான் இருப்பேன். நான் பெட்டிகளுக்கெல்லாம் புதுப் பெயிண்ட் அடித்தேன். ஊர்க்காரர்கள் வீட்டுச் சுவரில் கரியால் எழுதிவைத்த நம்பருக்கு யார் பெயிண்ட் அடிப்பது? என் சத்தம் பிடித்துத்தான் கூப்பிட்டார்கள், மணி வேறு வீட்டில் அடித்தது. அவன் நல்லவன் என்பதால்தான் எனக்குக் கோபப்படக்கூட முடியவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் ஒரு நாள் சட்டையைப் பிடித்திருப்பேன், தீர்ந்திருக்கும்.

இப்போது சொல்வதை நன்றாகக் கேள். உன் அம்மா கிழித்துப் போட்டது இந்த இடத்துக்காகத்தான். "கல்யாணத்துக்கு முந்தி இப்பிடி எழுதி அனுப்பாதீங்க, மாப்பிள்ளையச் சந்தேகப்படுதோம்னு ஆயிரும். அவ ரோஷக்காரி, பத்திக்கிடும்" என்றாள். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. நிச்சயத்துக்கு வந்த அன்று, நான் பெட்டி தூக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து, வெள்ளை வேட்டியோடு வந்து மறுபக்கம் பிடித்தார். கிரீஸ் ஒட்டிக்கொண்டது. "பரவால்ல மாமா, இது நல்ல அடையாளம்" என்றார். அப்படி ஒரு பிள்ளையை நான் ஏன் சந்தேகப்படப் போகிறேன்? அவர் உதவிக்காகத்தான் சொல்லுகிறார், உனக்கு அலைச்சல் குறையட்டும் என்று. செல்லையாவும் உதவிக்காகத்தான் நம்பர் கொடுத்தான். மாப்பிள்ளை வேலை மாறலாம், அவர் அந்தக் கம்பெனிக்கு வருஷப் பணம் கட்ட ஒரு தடவை மறக்கலாம், நான் கரண்டு பில் மறப்பது மாதிரி. சில கம்பெனிகளில் வருஷப் பணம் நின்றால் பாட்டையே ஆப்களில் இருந்து இறக்கிவிடுவார்களாமே. அவர் மறந்ததற்கு உன் பாட்டு இறங்கினால், அன்றைக்கு வீட்டில் ஒரு சண்டை வருமே, அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் கெடுகிறது. பாட்டு போவதைவிட, அந்தச் சண்டை எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் கம்பெனி எது என்று நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்க்க வேண்டியது மட்டும் ஒன்றிரண்டு தோன்றுகிறது. வருஷா வருஷம் கட்டுவதா, ஒரே தடவை கட்டுவதா, கட்டாமல் பங்கு கொடுப்பதா என்பதில் எது லாபம் என்று நீ பார்த்துக்கொள். பணம் நின்றால் பாட்டு நிற்குமா போகுமா என்பதை மட்டும் முதலில் கேள். தப்பு நடந்தால் பதில் எழுதுவது மனுஷனா என்று கேள். பாட்டு போடுவதற்கு முன்னாலேயே சும்மா ஒரு சந்தேகம் கேட்டு எழுதிப் பார், எவ்வளவு நேரத்தில் யார் பதில் சொல்கிறார் என்று தெரிந்துவிடும். பாட்டைக் கேட்கிறவர்கள் எண்ணிக்கையைக் கூட்டித் தருகிறோம் என்று யாராவது ஆசை காட்டினால் அந்தப் பக்கம் போகாதே. கூலிக்குக் கைதட்ட ஆள் கொண்டுவந்த மேடைகளில் நான் மைக் வைத்திருக்கிறேன். அந்தக் கைதட்டல் எப்போதும் தப்பான இடத்தில் விழும். கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்தால் பாட்டையே எடுத்துவிடுவார்களாம். இன்னொன்று, அவசரப்பட்டுக் கல்யாணத்துக்கு முந்தின நாள் வருவது போலப் போடாதே. தப்பைத் திருத்த நாள் வேண்டும். மணமேடையில் உட்கார்ந்துகொண்டு நீ பஞ்சாபுக்கு மெயில் போட முடியாது.

இதுவரை எழுதிவிட்டு, பெரிய புத்திசாலியைப் போல நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அப்போது போன் டிங் என்றது. பார்த்தால் ஆறு நம்பர். நீ உள்ளே நுழைகிறாய் என்று தெரிந்தது. அடுத்த நொடியே உன் போன்: "அப்பா, நம்பர்." சொன்னேன். "என்னம்மா பண்ணுதே?" என்றேன். "பழைய பாட்டுக்குக் குடுத்த கோட் நம்பர எடுத்து வைக்கேம்பா, எங்க மாத்துனாலும் அதே கோட் குடுத்தாதான் கேட்டவங்க கணக்கு போகாம இருக்கும்" என்றாய். "மாப்பிள்ளை அக்கவுண்டுக்கா?" என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்றேன். நீ வைத்துவிட்டாய். நான் மேலே எழுதியதை முதலிலிருந்து வாசித்தேன். வாசிக்க வாசிக்க முகத்தில் அறைந்தது மாதிரி ஆகிவிட்டது. மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேனே, இன்றைய தேதியில் உன் பாட்டுக்கும் உனக்கும் நடுவில் நம்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான்தான். செல்லையா வேறு யாரும் இல்லை, இந்த வீட்டுச் செல்லையா நான்.

நீ ஒரு தடவை கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? புதுப் போன் வாங்கியதும், "அப்பா, ஒங்களுக்குத் தொந்தரவு, எந் நம்பருக்கே மாத்திருதேன்" என்றாய். "இருக்கட்டுமே, எனக்கென்ன தொந்தரவு" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இப்போதுதான் எனக்கே தெரிகிறது. நீ வேலையைப் பற்றி என்னிடம் அதிகம் பேச மாட்டாய். ஆனால் ஆபீஸ் முடிந்து களைத்து வந்த பிறகும் நீ பாட்டில் உட்கார்ந்திருக்கிறாய் என்று எனக்கு அந்த ஆறு நம்பர் சொல்லும். பல நாள் வராமல் இருந்தால், பிள்ளைக்கு மனசு சரியில்லையோ என்று நானாகவே கவலைப்படுவேன். வந்துவிட்டால், அன்று செட் கட்டப் போன இடத்தில் எல்லோருக்கும் டீ என் செலவு. இதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அவளுக்குத் தெரிந்தால் ஓடிபி அண்ணாச்சி என்பதோடு இன்னும் ஏதாவது பட்டம் சேர்ந்துவிடும்.

ஆக, மாப்பிள்ளையிடம் நீ இதைப் பேசும்போது என்னிடமிருந்து ஆரம்பி. "எல்லாத்தையும் எம் பேருக்கு மாத்துதேன், மொதல்ல எங்க அப்பா நம்பரத்தான் எடுத்துட்டேன்" என்று சொல். அதற்குப் பிறகு அவர் வருத்தப்பட என்ன இருக்கிறது? பெற்ற அப்பாவையே வெளியே நிறுத்திவிட்ட பெண் என்று கொஞ்சம் பயப்படுவார், அது நல்லதுதான். வேண்டுமென்றால் இந்தக் கடிதத்தையே அவரிடம் கொடு. கிரீஸ் கறை இதிலும் இருக்கிறது, அடையாளம் தெரியும். கம்பெனி எதை எடுத்தாலும் மெயில் உன்னுடையது, பேங்க் உன்னுடையது, நம்பர் உன்னுடையது என்று இருக்கட்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து உதவி செய்யட்டும், நான் குடை பிடிக்கிறேன்.

இந்தக் கடிதம் வந்து சேர்ந்ததும், முதல் வேலையாகப் பழைய அக்கவுண்டில் நம்பரை மாற்று. மாற்றும்போது, இது நீதானா என்று கேட்டு ஒரு ஓடிபி வரும். அது என் போனுக்குத்தான் வரும், அதோடு சரி. அதற்குப் பிறகு நீ எப்போது பாட்டில் உட்கார்கிறாய் என்று எனக்குத் தெரியாது. தோன்றினால் நீயாக ஒரு வார்த்தை சொல். தோன்றாவிட்டாலும் பரவாயில்லை, பழகிக்கொள்வேன். அன்றைக்கு எனக்குச் சுரண்டையில் ஒரு காதுகுத்து வீட்டு வேலை இருக்கலாம். நீ தயங்காமல் போன் போடு. மைக்கை ஆஃப் பண்ணிவிட்டு நம்பர் சொல்கிறேன்.

அப்பா